அம்போ துவோவை விடுதலை செய்ய வேண்டாம்

அனுப்புநர்:
ஹஸ்னிதா தென்றிசங்கா,
தலைவர், மீட்பு அகழாய்வுக் குழு,
லேயாங் லிமா குகை முகாம்,
சலோபாத்து கிராமம்,
போந்தோலாங்கா மாவட்டம், தென் சுலாவேசி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
போந்தோலாங்கா மாவட்டம்.

பொருள்: லேயாங் லிமா குகை – தொல்சின்னச் சேத வழக்கைத் திரும்பப் பெறும் கோப்பில் தாங்கள் கையெழுத்திடாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. சிமெண்ட் நிறுவனத்தின் ஆலோசகர் திரு. திர்தா அளித்த ஆய்வறிக்கை.
2. அதே நாளில் அதே திரு. திர்தா காவல் நிலையத்தில் அளித்த புகார்.
3. தங்கள் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ள வழக்கு வாபஸ் கோப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீதும் தங்கள் இல்லத்தார் மீதும் அமைதி நிலவட்டும்.

1. மேலே கண்ட தாள்களில் முதலாவது, லேயாங் லிமா குகைச் சுவரில் உள்ள கைத்தடங்கள் பழையவை அல்ல என்கிறது. இரண்டாவது, அதே கைத்தடங்கள் விலைமதிப்பற்ற பழமை வாய்ந்தவை என்றும், சலோபாத்து மக்கள் அவற்றைச் சேதப்படுத்திவிட்டனர் என்றும் கண்ணீர் விடுகிறது. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையது. மூன்றாவது தாள் இப்போது தங்கள் மேசையில் இருக்கிறது. அதில் தாங்கள் கையெழுத்திட்டால், காவலில் இருக்கும் எழுபது வயது மனிதர் ஒருவர் அன்று மாலையே வீடு திரும்புவார். திங்கட்கிழமை காலை குகை இராது. கையெழுத்திட வேண்டாம் என்று கேட்பதற்காகவே இம்மனு. காரணங்களைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

2. லேயாங் லிமா நிற்கும் சுண்ணாம்புக் குன்று முழுவதும் சிமெண்ட் நிறுவனத்தின் குத்தகையில் இருக்கிறது. பழமையான குகை இருந்தால் வெடி வைக்குமுன் அதைத் தோண்டிப் பார்த்து, எடுக்கக்கூடியதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. தோண்டும் செலவு வெடி வைப்பவருடையது. ஆகவே எங்கள் குழுவின் கூடாரம், சல்லடை, தூரிகை, சோறு எல்லாம் நிறுவனத்தின் உபயம். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் சவக்குழி வெட்டுவதற்கும் ஒரே ஒப்பந்தக்காரர் என்றால் வைத்தியர் எவ்வளவு அவசரப்படுத்தப்படுவார் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். கோடை முடியுமுன் எல்லாம் முடிய வேண்டும் என்றார்கள். சிப்பி ஓடுகள், கல் முனைகள், கரிந்த பன்றி எலும்புகள் வந்தன. அவற்றுக்குக் கீழே, ஆகஸ்டு மாதத்தில், ஒரு மனிதப் பாதம் வந்தது. அதைத் தொடர்ந்து கணுக்கால், பின் முழங்கால். முழங்காலுக்கு மேற்பட்டவர் அடுத்த அகழாய்வுச் சதுரத்தின் தோண்டப்படாத மண்ணுக்குள் இருக்கிறார். கால் மடக்கி, ஒருக்களித்து, யாரோ கவனமாகப் படுக்க வைத்த நிலை. அரிசி இந்தத் தீவுக்கு வருவதற்கு மிக முந்திய மண் அது. இம்மனுவில் இவரை இனி ‘மேற்படி நபர்’ என்று குறிப்பிடுகிறேன்.

3. மேற்படி நபர் முழங்கால் வரை வந்திருந்த வாரத்தில் வட்டார மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நிறுவனத்தின் நில அலுவலர் திரு. ருஸ்லான் பேசினார். இவர் நல்ல பேச்சாளர், கெட்டவர் அல்லர். வெடிவைப்பு விதிகளை விளக்கும்போது அவர் சொன்னது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கிறது:

“ஒரே ஒரு வீடு இருந்தாக்கூடப் போதும், வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம நாங்க திரியில தீ வைக்க முடியாது. சட்டம் அவ்வளவு கறார். ஆனா அங்க என்ன இருக்கு? வவ்வால் இருக்கு. வவ்வால்கிட்ட வீட்டுப் பத்திரம் இருந்தா வாங்கிட்டு வாங்க, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிடறேன்.”

அப்போது எனக்குப் பின்வரிசையிலிருந்து அம்போ துவோ எழுந்தார். இவர் எங்கள் பகுதியில் புது வீடுகளுக்குச் சடங்கு செய்து வைக்கும் சான்ரோ. இவர் வந்து தொட்டுத் தராத வீட்டில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. சிமெண்ட் நிறுவனத்தின் அலுவலர் குடியிருப்பு உட்பட.

“வீடுன்னா எது தம்பி?” என்று கேட்டார்.

“கூரை இருக்கணும், சுவர் இருக்கணும், உள்ள ஆள் இருக்கணும், புவாங்” என்று பெரியவருக்குரிய மரியாதைச் சொல்லோடு பதில் சொன்னார் திரு. ருஸ்லான்.

“கூரை இருக்கு. சுவர் இருக்கு. ஆளைத்தான் இந்தத் தங்கச்சி போன வாரம் கண்டுபிடிச்சிருக்காங்களே. பாதிதான் வந்திருக்கார்னு சொன்னாங்க. மீதியும் உள்ளதான் இருக்கார், எங்கயும் போகலை.”

மண்டபம் சிரித்தது. திரு. ருஸ்லானும் சிரித்தார். கூட்டக் குறிப்பில் இது ‘பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் ஒத்துழைத்தனர்’ என்று பதிவாகியுள்ளது. அம்போ துவோ சிரிக்கவில்லை என்பது பதிவாகவில்லை.

4. தாங்கள் இம்மாவட்டத்தவர் என்பதால் மப்பெட்டா சடங்கைத் தங்களுக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் இக்கோப்பு மேலிடம் செல்லக்கூடும் என்பதால் ஒரு வரி: இங்கே தூண் நட்டு, கூரை போட்டு, படி வைத்தாலும் அது மரக்கட்டைதான். வீட்டார் அரிசி மாவுக் கரைசலில் உள்ளங்கையைத் தோய்த்துத் தூணில் அழுத்திய பிறகே அது வீடு. பத்திரம் நில அலுவலகத்தில் கிடைக்கிறது. வீடு இந்த மாவில்தான் கிடைக்கிறது. தங்கள் அலுவல் இல்லத்தின் நடுத்தூணிலும் கைகள் இருப்பதைச் சென்ற ஆண்டு விருந்தின்போது கண்டேன்.

5. தியாகத் திருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மேற்படி நபரின் கால் எலும்பிலிருந்து எடுத்த மாதிரிகளைப் பரிசோதனைக்குக் கொடுக்க நான் மக்காசர் சென்றிருந்தேன். குழுவினர் தொழுகைக்குப் போயிருந்தனர். தொழுகை முடிந்ததும் ஊரார் குன்றேறினர். ஒட்டரிசிச் சோறும் கோழியும் வாழைப்பழமும் எடுத்துச் சென்றனர். மாவு கரைத்தனர். சான்ரோ முதலில் சுவரில் கை வைத்தார். பிறகு எல்லோரும், இடுப்பில் இருந்த குழந்தைகள் வரை. குழிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. மேற்படி நபரின் கால்மாட்டில், தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே, ஒரு தட்டுச் சோறு வைக்கப்பட்டிருந்தது. அதை இடமாற்றாமல் படமெடுத்து வரைபடத்தில் குறித்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எதையும் விட்டுவிடக் கூடாது.

6. நான் திரும்பி வந்தபோது சுவர் முழுக்க வெள்ளைக் கைகள். சில இடங்களில் பழைய சிவப்புக் கைகளின் மேலேயே. சான்ரோ வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன புவாங் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“ஏன் தங்கச்சி, கோணலா இருக்கா?”

கோணலாக இல்லை என்பதை இவ்விடத்தில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

“அந்தச் செவப்புக் கையெல்லாம் எவ்வளவு காலத்துக்கு முந்தினதுன்னு தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் வச்சோம். முன்ன இருந்தவங்களும் குடி வந்தப்போ வச்சிருக்காங்க. அவங்களுக்கு அரிசி கெடையாது பாவம், மண்ணைக் கரைச்சு வச்சாங்க. எங்ககிட்ட அரிசி இருக்கு. வீடு கைமாறி ரொம்ப நாளாச்சு, யாரும் புதுப்பிக்கலை.”

நான் பல்கலைக்கழகத்தில் பயின்றவள். ஆனால் இதற்கு உடனடிப் பதில் அவர் மனைவி வெல்லே அம்மாவிடம் இருந்தது. “வீட்ல கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கிட்டு எத்தனை வருஷமாச்சு. அதை ஒருநாள் முறுக்கத் தெரியலை. மலைக்குக் குடிவைக்கக் கிளம்பிட்டாரு இந்த மனுஷன்.”

7. மறு வாரம் ஊரார் மனு ஒன்று எழுதி, லேயாங் லிமா இனி வீடு என்றும், சம்மதம் தர மாட்டோம் என்றும் நிறுவனத்திடம் கொடுத்தனர். நிறுவனம் ஆலோசகர் திரு. திர்தாவை அனுப்பியது. அவர் சுவரைச் சுரண்டி மாதிரி எடுத்தார். சிவப்புக் கைகள் உயரத்தில் இருக்கின்றன, ஏணி எங்கள் கூடாரத்தில் இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். எட்டிய உயரத்தில் வெள்ளைக் கை இருந்தது. அதைச் சுரண்டினார். ஆய்வகம் அது அரிசி மாவு என்று கண்டறிந்தது. சரியான முடிவு. வெல்லே அம்மா வீட்டு அரிசி. அதிலிருந்து திரு. திர்தா எழுதிய முடிவு: ‘குகையில் உள்ள கைத்தடங்கள் உணவுப் பொருளால் அண்மையில் உண்டாக்கப்பட்டவை. எனவே மீட்பு அகழாய்வைத் தொடர முகாந்திரம் இல்லை.’ மேற்படி நபரைப் பற்றி அறிக்கையில் சொல் இல்லை. அவர் மாவால் ஆனவர் அல்லர் என்பதால் விடுபட்டிருக்கலாம்.

8. ஊரார் இனி குன்றேறாதபடி செய்ய வேண்டும் என்று நிறுவனத்தில் வேறு யாருக்கோ அதே நாளில் தோன்றியிருக்கிறது. ஆகவே தொன்மையான கைத்தடங்களைச் சேதப்படுத்தியதாகப் பன்னிரண்டு பேர் மீது புகார் எழுதப்பட்டது. அதற்கும் திரு. திர்தாவே நிபுணர். பழமையே இல்லாத ஒன்றின் பழமையைக் கெடுத்த குற்றத்துக்கு நம் சட்டத்தில் என்ன தண்டனை என்று தேடினேன், அகப்படவில்லை. காவலர்கள் வந்தபோது சான்ரோ, “எல்லாக் கையும் நான் சொல்லி வச்சதுதான். பச்சப்புள்ள கை வரைக்கும். என்னைக் கூட்டிட்டுப் போங்க, மத்தவங்களுக்கு அறுவடை இருக்கு” என்று சொல்லி ஜீப்பில் முன்னிருக்கையில் ஏறப் பார்த்திருக்கிறார். பின்னிருக்கையில் உட்கார வைத்தனர்.

9. இனி ஒரு சட்டச் செய்தி. இதை எனக்குச் சொன்னவர் காவல் ஆய்வாளர். உதவுவதற்காக அல்ல, கண்டிப்பதற்காகச் சொன்னார். நாங்கள் மறுநாள் சல்லடையோடு குகைக்குள் நுழையப் போனபோது வாசலில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது.

“உள்ள போகக் கூடாதும்மா. கேஸ் இருக்கற வரைக்கும் இது முழுசும் சாட்சிப் பொருள். நீங்கன்னு இல்ல, யாரா இருந்தாலும் ஒரு கல்லைக்கூட நகத்தக் கூடாது.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

“வெடி வைக்கறவங்களும்?”

ஆய்வாளர் குன்றைப் பார்த்தார். “நான் கல்லுன்னு சொன்னேன். மலைன்னா அதுல நெறையக் கல்லு இருக்கு இல்லையா” என்றார். இவருக்குப் பதவி உயர்வு அளிக்க வேண்டும் என்று தனியே ஒரு மனு எழுத எண்ணியிருக்கிறேன்.

10. இந்த விதி புகார் கொடுத்தவர்களுக்குப் புகார் கொடுத்த பிறகு நினைவுக்கு வந்தது. திரு. ருஸ்லான் எங்கள் முகாமுக்கு வறுத்த வாழைப்பழப் பொட்டலத்தோடு வந்தார். உட்கார்ந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்:

“அக்கா, கைத்தடம் புதுசுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பழசே இல்லைன்னா கெடுத்ததும் இல்ல. கேஸ் போச்சு, பெரியவர் வீட்டுக்கு வந்துடுவார், நாடாவை அவுத்துடுவாங்க, எங்க வேலையும் நடக்கும். எல்லாருக்கும் நல்லது.”

“பழசுன்னு எழுதினா?”

“அப்போ கெடுத்தது நெஜமாயிடும். கிழவர் உள்ள போவார். அவரை உள்ள தள்ளினது நாங்க இல்ல, நீங்க. உங்க கையெழுத்து. அவர் வயசுக்கு, திரும்பி வருவாரான்னு நீங்களே பாத்துக்குங்க.” பிறகு, “சூடு ஆறிடும், சாப்பிடுங்க” என்றார்.

அது பொய்யல்ல என்பதுதான் என்னைக் கலங்கடித்தது. நான் எழுதித் தராததால், கையெழுத்திடத் தயாராக உள்ள வேறொரு நிபுணர் கிடைத்திருக்கிறார். அவர் இக்குகையைப் பார்த்ததில்லை. தொல்சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி என்ற முறையில் தங்கள் ஒப்புதல் மட்டும் பாக்கி.

11. நான் காவல் நிலையம் சென்று சான்ரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துவிட்டு முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. வெல்லே அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு ஏற்கெனவே அங்கே இருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

“புதுசுன்னு எழுதிக் குடுத்துடு. இவரு வீட்ல இருந்தாலும் ஒரு பிரயோசனமும் இல்ல. ஆனா இருக்கணும்.”

சான்ரோ என்னைப் பார்த்துக் கேட்டார். “புதுசுன்னு எழுதினா?”

“திங்கட்கிழமை வெடி, புவாங்.”

“உள்ள படுத்திருக்கறவரு?”

“முழங்கால் வரைக்கும் எடுத்தாச்சு. மீதி மலையோட போயிடும்.”

“பழசுன்னு எழுதினா?”

“உங்களுக்குத் தண்டனை.”

எத்தனை ஆண்டு என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லத் தயாராக வைத்திருந்தேன்.

“நான் கை வச்சுக் குடுத்த வீடு ஒண்ணுகூட இதுவரைக்கும் விழுந்ததில்ல தங்கச்சி” என்றார். “மழையில, பூகம்பத்துல, ஒண்ணுகூட. நீங்க பழசுன்னே எழுதுங்க. செவப்பு மேல எங்க கை விழுந்தது தப்புன்னா தப்புதான், அதையும் எழுதுங்க. ஆனா என்னை விட்டுடுங்கன்னு மட்டும் யார்கிட்டயும் கேக்காதீங்க. என்னை விட்டா அது புதுசுன்னு ஆயிடும்.”

வெல்லே அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வாசலில் நின்ற காவலரிடம் போய், தினமும் சோறு கொண்டுவந்தால் எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், மழைக்காலத்திலும் அந்தப் பக்கம் திறந்திருக்குமா என்று விசாரித்தார்.

12. ஆகவே என் நிபுணர் வாக்குமூலத்தை இம்மனுவிலேயே தருகிறேன். லேயாங் லிமா சுவரில் இரண்டு வகைக் கைகள் உள்ளன. சிவந்தவை மிகப் பழையவை. அக்காலத்தவர் பாறையில் கையை வைத்து, அதைச் சுற்றிச் செம்மண் நீரை வாயால் ஊதினர்; கையை எடுத்ததும் நிறம் படாத இடம் கையாக நின்றது. அவற்றின் மீது பாறையின் சுண்ணம் கசிந்து தோலாக மூடியிருக்கிறது. அந்தத் தோலை ஒரு சடங்காலும் ஒரு நாளில் உண்டாக்க முடியாது. வெள்ளைக் கைகள் புதியவை. அவற்றுக்கு அந்தத் தோல் இல்லை. தொட்டால் மாவு ஒட்டுகிறது. சில வெள்ளைக் கைகள் சிவந்தவற்றின் மேல் விழுந்திருப்பதால் சேதம் நிகழ்ந்தது உண்மை. அது எளிய சேதம். சுண்ணத் தோல் தாங்கியிருக்கிறது. பொறுமையாகத் துடைத்தால் பெரும்பாலும் நீங்கும். மலையோடு தூளானதைத் துடைத்து எடுக்கும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதை எழுதுவதால் அம்போ துவோ குற்றவாளி ஆகிறார் என்பதை அறிந்தே எழுதுகிறேன். அவரும் அறிவார். அவர் மனைவியும் அறிவார்.

13. எனவே பணிந்து வேண்டுவது:

பார்வை 3-இல் கண்ட கோப்பில் தாங்கள் கையெழுத்திட வேண்டாம். அதைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் திருத்தி மறுபடி வரும். மேசையில் இருக்கட்டும். கோப்புகளை மேசையில் வைத்திருப்பதில் தங்கள் அலுவலகத்துக்குள்ள நீண்ட அனுபவத்தைச் சலோபாத்து மக்கள் ஊர்க் குடிநீர்க் குழாய் விஷயத்தில் நேரில் அறிவர். அன்று அதைக் குறையாகச் சொன்னவர்கள் இன்று அதையே இறைஞ்சிக் கேட்கிறார்கள். குழாய் வரும்வரை காத்திருந்ததுபோல நாங்கள் காத்திருப்போம்.

மேற்படி நபரின் மீதி உடலைக் காவலர் முன்னிலையில் எடுக்க எங்களுக்கு நீதிமன்ற அனுமதி கிடைக்கத் தங்கள் பரிந்துரை வேண்டும். மழை தொடங்கினால் திறந்த குழி நிறையும். முழங்கால் வரை நாங்கள் திறந்துவைத்துவிட்டோம். திறக்காதிருந்தால் அவர் பத்திரமாக இருந்திருப்பார். இந்த எண்ணத்தோடு நாங்கள் இப்போது தூங்க வேண்டியிருக்கிறது.

அம்போ துவோவை விடுதலை செய்ய வேண்டாம். கணவரைக் காவலிலேயே வைத்திருக்கும்படி வெல்லே அம்மா என் வழியாகக் கேட்டுக்கொள்கிறார். இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சான்ரோவுக்கு இருமல் இருக்கிறது; படுக்கப் பாய் மட்டும் தந்திருக்கிறார்கள்; ஒரு கம்பளி கொடுக்க உத்தரவிட்டால் நன்று.

இம்மனுவை நானே நேரில் கொண்டுவந்திருக்கிறேன். பெற்றுக்கொண்ட முத்திரை கிடைக்கும்வரை வரவேற்பு அறையில் இருப்பேன். திங்கட்கிழமை காலை வரை அது கிடைக்காவிட்டாலும் அங்கேதான் இருப்பேன், ஐயா. குன்றில் வெடிச் சத்தம் கேட்டால் தங்கள் அறை வரை அது கேட்கும். நம் இருவரில் யார் முதலில் நிமிர்ந்து பார்க்கிறோம் என்பது அப்போது தெரிந்துவிடும். தெரியாமலே போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

இடம்: போந்தோலாங்கா
நாள்: 13 அக்டோபர் 2016, வியாழக்கிழமை

தங்கள் கருணையை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
ஹஸ்னிதா தென்றிசங்கா
முதல் மனுதாரர்

(ஒப்பம்)
அம்போ துவோ
இரண்டாம் மனுதாரர், குற்றம் சாட்டப்பட்டவர்.
மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கம்பளி பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னேன். என் மனைவி கூடாது என்கிறாள்.